பாளையங்கோட்டையில் ஒரு தச்சுப் பட்டறை: மழைக்காலம் முடிந்தபின் எழுதும் மதிப்புரை

வாசலுக்கு நிலையோடு கூடிய ஒரு தேக்குக் கதவையும் நடு அறைக்கு ஒரு புத்தக அலமாரியையும் பாளையங்கோட்டையில் உள்ள ஒரு தச்சுப் பட்டறையில் செய்து வாங்கினேன். ஆனியில் பேசி முடித்த வேலை ஆவணியில் வீடு வந்து சேர்ந்தது. அன்றே இந்த மதிப்புரையை எழுதியிருக்கலாம். ஆனால் பாலிஷ் வாசனை போகும் முன்பே மரவேலையைப் பாராட்டுவது, குழம்பை ருசி பார்க்காமல் நிறத்தைப் பார்த்துச் சொல்வதற்குச் சமம். ஐப்பசியையும் கார்த்திகையையும் கதவு தாண்டட்டும் என்று காத்திருந்து, தை பிறந்தபின் எழுதுகிறேன்.

பட்டறைக்குப் பெயர் கிடையாது. வாசலில் தொங்கும் தகரப் பலகையில் "இங்கு மரவேலை செய்து தரப்படும்" என்ற ஒரு வரியும் ஒரு கைபேசி எண்ணும் மட்டுமே இருக்கின்றன. அதை நடத்துபவரை அந்தத் தெருவில் ஆசாரி என்கிறார்கள், கட்டட வேலைக்கு வருபவர்கள் மேஸ்திரி என்கிறார்கள், என் மகள் கார்பெண்டர் அங்கிள் என்கிறாள். இவற்றில் ஒன்றுகூட அவரைத் தொழில்வல்லுநர் என்று சொல்லவில்லை. அவர் செய்து தந்த வேலையைப் பார்த்த பிறகு, அந்தப் பெயருக்கு அவரைவிடத் தகுதியானவர் யார் என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருக்கிறது.

அதற்கு ஒரு பழைய கணக்கும் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சமையலறையை உள் அலங்கார நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தோம். முப்பரிமாணப் படம், வழவழப்பான விலைப்பட்டியல், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய இளைஞர்கள் என்று எல்லாம் முறையாகவே நடந்தது. தொட்டிக்குக் கீழே, மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வைக்கலாமா என்று நான் கேட்டபோது, "உங்கள் விருப்பம்தான் சார், எது கேட்டாலும் செய்து தருவோம்" என்றார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் அந்தப் பலகை ஊறிய அப்பளமாக உப்பிவிட்டது. அவர்களை அழைத்தபோது உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்ற பதில் கிடைத்தது.

வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் அவர்களே தொழில்வல்லுநர்கள் என்பதுதான் வேடிக்கை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏஏ பிரிவானது சட்டத்துறை, மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை ஆகியவற்றின் வரிசையில் உள் அலங்காரத்தையும் பெயர் சொல்லி புரொஃபஷன் என்று சேர்த்தது. அலமாரிக்கு என்ன நிறத்தில் மேற்பூச்சு ஒட்டலாம் என்று சொல்பவருக்கு அந்தப் பட்டியலில் இடம் உண்டு, அலமாரியைச் செய்பவருக்கு இல்லை. முன்னவருக்கு நாம் கொடுப்பது கட்டணம், பின்னவருக்குக் கொடுப்பது கூலி.

பட்டறைக்குத் திரும்புகிறேன். நான் முதலில் கேட்டது சட்டமும் பலகையுமாகப் பிரியாத ஒரு கதவு. மூன்றடி அகலத்துக்கும் தேக்குப் பலகைகளை ஒட்டி, அவை நகராதபடி பின்பக்கம் குறுக்குக் கட்டைகளைத் திருகாணியால் இறுக்கி, ஒரே பரப்பாகத் தெரியவேண்டும் என்று கைபேசியில் ஒரு படத்தையும் காட்டினேன். அவர் படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, "இது முடியாது சார். ஆடியில செஞ்சு குடுத்தா ஐப்பசியில நீங்களே என்னை வைவீங்க" என்றார். அதிகப் பணம் தருவதாகச் சொல்லியும் அவர் இசையவில்லை.

அவருடைய மறுப்புக்கு அறிவியல் அடிப்படை உண்டு. மரம் அறுபட்ட பிறகும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும், அதற்கேற்ப விரியும், சுருங்கும். நீளவாக்கில் இந்த அசைவு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது, அகலவாக்கில்தான் சிக்கல். பச்சை மரம் முற்றிலும் உலரும்போது தேக்கு ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும், வளையங்களுக்குக் குறுக்கே ஏறத்தாழ 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. மற்ற பல மரங்களோடு ஒப்பிட்டால் இது குறைவு, தேக்குக்குக் கதவு மரம் என்ற பெயர் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இருந்தாலும் மூன்றடி அகலத்தை ஒரே பரப்பாக ஒட்டினால், காய்ந்த மரத்தில்கூடக் கோடைக்கும் மழைக்கும் இடையே சில மில்லிமீட்டர் வேறுபாடு வரும். குறுக்குக் கட்டைகளால் அதை அசையவிடாமல் இறுக்கிவிட்டால் பலகை வெடிக்கும் அல்லது வளையும்; அசையவிட்டாலோ கதவு நிலையில் போய் முட்டும்.

சட்டக் கதவு என்னும் பழைய ஏற்பாடு இதற்கு விடையாக உருவானதுதான். நெட்டுச் சட்டங்களிலும் குறுக்குச் சட்டங்களிலும் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, நடுப்பலகையைப் பசை போடாமல் அந்தக் காடிக்குள் நிறுத்திவிடுகிறார்கள். பலகை காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும், கதவின் வெளி அளவு ஏறக்குறைய மாறாது. இதையெல்லாம் அவர் விழுக்காட்டுக் கணக்கில் சொல்லவில்லை. மூலையில் கிடந்த ஒரு பழைய கதவை எடுத்துவந்து, பாலிஷ் படாத ஒரு நூல் அகலக் கோடு காடியின் ஓரமாக ஓடுவதைக் காட்டி, "கோடையில பலகை இவ்வளவு உள்ள போயிருக்கு பாருங்க" என்றார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த மதிப்புரையின் நடுப்புள்ளி இந்த மறுப்புதான். கேட்டதைக் கேட்டபடி செய்து தருவது நேர்மையான வேலை, அதற்கு உரிய மதிப்பும் உண்டு. ஆனால் கேட்பவருக்குத் தெரியாத ஒன்றைத் தான் அறிந்திருப்பதால், அவர் காசு கொடுத்தாலும் அவருக்குக் கேடானதைச் செய்ய மறுப்பதைத்தான் மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் நாம் எதிர்பார்க்கிறோம். உள் அலங்கார நிறுவனத்தில் எனக்கு வாய்க்காதது அதுவே.

மரம் எடுக்க என்னையும் செங்கோட்டைக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் கற்றுத் தந்த ஒரு கணக்கை வீடு கட்டும் எவரும் குறித்துக்கொள்ளலாம். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி கிடைத்துவிடும். 7 அடி உயரமும் மூன்றரை அடி அகலமும் உள்ள நிலைக்கு நான்கு பக்கமும் சேர்ந்து 21 அடி. சட்டம் 5க்கு 3 அங்குலம் என்றால் 21 × 5 × 3 = 315, அதை வகுத்தால் ஏறத்தாழ 2.19 கன அடி. இதோடு சேதாரம் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதை மட்டும் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும். வைரம் பாய்ந்த பகுதிக்கும் ஓரத்து வெள்ளைக்கும் ஒரே விலை போட்ட மரக்கடைக்காரரிடம் ஆசாரி வாதாடி, வெள்ளை கலந்த இரண்டு துண்டுகளை மாற்ற வைத்தார். கடைக்காரரிடம் தமக்குத் தரகு உண்டா என்ற பேச்சை நான் எடுக்கும் முன்பே, இல்லை என்று அவராகவே சொல்லிவிட்டார். நிலையைக் கோங்கு மரத்தில் செய்தால் போதும், செலவு குறையும் என்றும் சொன்னார். தேக்கில்தான் வேண்டும் என்றது என் பிடிவாதம்.

வேலையின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஒரு சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, மற்றதன் துளைக்குள் செருகி, வெளியிலிருந்து மர ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார். இரும்பு ஆணி எங்கும் இல்லை. அறுப்பதற்கும் இழைப்பதற்கும் மின்னியந்திரம், நாக்கைத் துளைக்குப் பொருத்தும் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் உளி. எல்லாம் கையால் செய்தது என்று சொல்லி அதற்குத் தனி விலை கேட்கும் வழக்கம் அவரிடம் இல்லாததை நான் மதிக்கிறேன். கார்த்திகையில் நான்கு நாள் விடாது பெய்த மழையிலும் கதவு ஒரு விரலால் தள்ளினால் மூடியது.

அலமாரியில்தான் பிழை நேர்ந்தது. 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் மூன்றரை அடி அகலத் தட்டுகள்; இரண்டே மாதத்தில் அகராதிகள் இருந்த தட்டு நடுவில் தொய்ந்தது. ஒரே வகைப் பலகையில், தட்டின் ஓரடிக்கு இவ்வளவு என்று பாரம் ஏற்றினால், நீளத்தை இரட்டிப்பாக்கும்போது தொய்வு 16 மடங்காகும். கனத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். புத்தகத்தின் எடையை அவர் துணியின் எடையாக நினைத்துவிட்டார். தொலைபேசியில் சொன்ன மூன்றாம் நாள் வந்து பார்த்தார். ஒவ்வொரு தட்டின் முன்விளிம்பிலும் இரண்டு அங்குல உயரத் தேக்குச் சட்டத்தைச் செங்குத்தாக ஒட்டி நிமிர்த்தினார். "நான்தான் கேட்டிருக்கணும்" என்றவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பொழுதுபோக்காக மரவேலை செய்பவர்களை இங்கே விட்டுவிட முடியாது, அப்படி ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். வங்கியில் ஓய்வுபெற்றவர், கார் நிறுத்தும் கொட்டகையைப் பட்டறையாக்கியிருக்கிறார். ஜப்பானிய இழுப்பு ரம்பமும் ஈரப்பதம் அளக்கும் கருவியும் வைத்திருக்கிறார். என் கதவுச் சட்டத்தில் அந்தக் கருவியைக் குத்தி 12 விழுக்காடு என்று அறிவித்தவரும் அவர்தான். (மரத்தைத் தட்டிப் பார்த்தும் தூக்கிப் பார்த்தும் காய்ந்துவிட்டது என்று ஆசாரி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.) புறாவால்போல் விரிந்த பற்களைக் கோத்து அவர் செய்த ஒரு சிறு பெட்டியின் மூலைகள், ஆசாரியின் எந்த மூலையைவிடவும் அழகானவை. அதைச் செய்ய அவருக்கு ஏழு மாதம் ஆனது, வழியில் இரண்டு பெட்டிகள் அடுப்புக்குப் போயின. திறமையை மட்டும் அளவுகோலாக வைத்தால் அவரையே முதலில் நிறுத்த வேண்டியிருக்கும். ஆனால் அவருடைய பெட்டிக்காக யாரும் முகூர்த்தம் குறித்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். இப்போது குறைகளுக்கு வருகிறேன், இவற்றை மென்மையாகச் சொல்லப்போவதில்லை. ஆடியில் நிலை வைப்பதில்லை என்பதால் ஆவணியின் முதல் முகூர்த்தத்தைக் குறித்திருந்தோம். வேலை 19 நாள் பிந்தி, முகூர்த்தமும் தள்ளிப்போனது. பிந்தும் என்ற செய்தியும் நான் நேரில் போய்க் கேட்டபின்தான் கிடைத்தது. மதிப்பீட்டை ஒரு சிமெண்ட் அட்டையின் பின்புறம் பென்சிலால் எழுதிக் காட்டினாரே தவிர கையில் தரவில்லை. கூலி 18,000 ரூபாய் என்று பேசியது, பூட்டும் தாழ்ப்பாளும் பொருத்துவது தனி என்று சொல்லி முடிவில் 20,500 ஆனது. தனி என்பது நியாயமாகவே இருக்கலாம், ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ரசீது இல்லை. தொழில்வல்லுநர் என்ற பெயருக்கு மறுக்கத் தெரிந்திருப்பது எவ்வளவு தேவையோ, எழுதிக்கொடுப்பதும் அவ்வளவு தேவை. இந்த ஒன்றில் அடையாள அட்டை மாட்டிய இளைஞர்களுக்கே நான் மதிப்பெண் தருவேன்.

இந்தக் குறைகளை முழுக்க அவர் தலையில் கட்டவும் மனம் வரவில்லை. ஜெர்மனியில் மேசை நாற்காலி செய்யும் தச்சர் சொந்தமாகப் பட்டறை நடத்தப் பொதுவாக மைஸ்டர் (தலைமைக் கைவினைஞர்) தேர்வில் தேற வேண்டும், அதில் கணக்கும் சட்டமும் பாடங்களாக உள்ளன. நாம் சொல்லும் மேஸ்திரி என்ற சொல் போர்த்துக்கீசியரின் மெஸ்த்ரே வழியாக வந்தது, மைஸ்டருக்கும் அதற்கும் இலத்தீனில் வேர் ஒன்றே. சொல் இங்கேயும் வந்து சேர்ந்தது, தேர்வு வரவில்லை. இங்கே 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தச்சரைத் தொழிலாளி என்கிறது. 2023இல் தொடங்கிய ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களில் ஒன்றாகச் சேர்த்துக் கைவினைஞர் என்கிறது, கருவி வாங்க 15,000 ரூபாய் தருகிறது. அந்தத் தொகைக்கு உளிகள் கிடைக்கும், நல்ல இழைப்பு இயந்திரம் கிடைக்காது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற அதன் நிபந்தனையை ஏற்காத தமிழ்நாடு அரசு, 25 தொழில்களுக்கெனக் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியே கொண்டுவந்தது. இந்த வேறுபாடு பட்டறைக்குள்ளேயே கண்ணுக்குத் தெரிகிறது. ஆசாரிக்கு வேலை தந்தையிடமிருந்து வந்தது. அவருடைய உதவியாளர்களில் ஒருவர் ஐடிஐயில் தச்சர் பிரிவு படித்துவிட்டு வந்தவர், அவருடைய குடும்பத்தில் உளி பிடித்த முதல் ஆள். அவரை ஆசாரி என்று தெருவில் யாரும் அழைப்பதில்லை, அழைத்தால் தாம் அந்தச் சாதி இல்லை என்று விளக்கம் சொல்லவேண்டி வருகிறது என்று சிரித்தார். ஒரு சொல் தொழிலையும் பிறப்பையும் ஒன்றாகச் சுமக்கும்போது, வேலையைக் கற்றுக்கொண்டவருக்கு அதில் இடம் கிடைப்பதில்லை.

அரசியலமைப்பின் 276ஆம் உறுப்பு, ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மிகாமல் வரி விதிக்க இடம் தரும்போது, ஆங்கிலத்தில் புரொஃபஷன், டிரேட், காலிங், எம்பிளாய்மெண்ட் என்று நான்காகப் பிரித்துச் சொல்கிறது. நம் மாநகராட்சியின் ரசீதில் நான்கும் சேர்ந்து தொழில் வரி என்று ஒரே பெயரில் வருகின்றன. மருத்துவம் ஒரு தொழில், தச்சு ஒரு தொழில் என்று சொல்லும்போது தமிழ் எந்த இடத்திலும் தடுமாறுவதில்லை. ஆகவே என் மட்டில் இந்த ஆசாரி தொழில்வல்லுநர்தான், பக்கத்து வீட்டுக்காரர் மரவேலையில் கைதேர்ந்த ஆர்வலர், சமையலறை நிறுவனம் கடை. பெயரைக் கூட்டினால் கூலியும் கூடுமே என்பவர்களுக்கு, கூடட்டும் என்பதே என் பதில்.

இந்தப் பட்டறைக்குப் போக நினைப்பவர்களுக்கு: கதவு, நிலை, கட்டில் ஆகியவற்றை நம்பிக் கொடுக்கலாம். சமையலறை முழுவதையும் கொடுப்பதற்கு அங்கே ஆள் போதாது. புத்தக அலமாரி என்றால் தட்டு இரண்டரை அடிக்கு மேல் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மதிப்பீட்டை ஒரு தாளில் எழுதி, பூட்டு, தாழ்ப்பாள், பாலிஷ் எதெல்லாம் தனி என்பதையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் போடுகிறார், இதுவரை யாரும் கேட்டதில்லையாம். முகூர்த்தம் இருந்தால் அதற்கு மூன்று வாரம் முந்திய ஒரு தேதியை அவரிடம் சொல்லுங்கள்.