தெருவிளக்குக் கடிதமும் நான்கு வழிகளும்

தமிழ்வழியில் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள், ஆங்கிலப் பாடவேளை. 'தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதுக' என்பது வேலை. இதை எழுத வைக்க நான்கு வழிகள் இருக்கின்றன. கைடில் உள்ள கடிதத்தை மனப்பாடம் செய்வதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வழியில் போனால் சாக்கடை அடைப்பு பற்றிக் கேட்டாலும் விடைத்தாளில் தெருவிளக்குதான் வரும்.

ஆசிரியர்களான நமக்குப் பழகியது ஹின்ட்ஸ், அதாவது குறிப்புச் சொற்கள். 'ஸ்ட்ரீட் லைட் – டென் டேஸ் – டார்க்னஸ் – ஓல்டு பீப்பிள் – ரெக்வெஸ்ட்' என்று பலகையில் எழுதிவிட்டால் போதும். ஆசிரியருக்கு ஐந்து நிமிட வேலை. வாக்கியம் அமைக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது நல்ல நினைவூட்டல். தெரியாத பிள்ளை கோடுகளை நீக்கிவிட்டு நடுவில் 'இஸ்', 'வாஸ்' செருகும், அவ்வளவுதான். தமிழில் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் வினை நடுவிலேயே வந்துவிடும். 'இன்', 'ஆன்', 'அட்' எல்லாம் பெயருக்கு முன்னால் நிற்கும். பிள்ளை திணறுவது இந்தக் கோர்ப்பில்தான். அங்கே ஹின்ட்ஸ் கைவிரித்துவிடுகிறது.

அந்த இடைவெளியை நிரப்புவது வாக்கியச் சட்டகம். 'ஐ ஆம் ரைட்டிங் டு யூ பிகாஸ்...' என்று பாதி வாக்கியத்தை நாம் தர, மீதியைப் பிள்ளை முடிக்கும். ஆறு, ஏழாம் வகுப்புகளில் இது அருமையாக வேலை செய்யும். வெற்றுத்தாள் பயம் போய்விடும். சிக்கல் என்னவென்றால், கொடுத்ததைத் திரும்ப எடுக்க நாம் மறந்துவிடுகிறோம். உளவியல் ஆய்வாளர்களான டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976இல் எழுதிய கட்டுரையில், மரக்கட்டைகளை அடுக்கும் சிறு பிள்ளைகளுக்குப் பெரியவர் செய்யும் உதவியைக் கட்டடச் சாரத்தோடு ஒப்பிட்டார்கள். சாரம் என்றால் பிரிக்க வேண்டும். முதல் கடிதத்துக்குப் பாதி வாக்கியம், அடுத்ததற்கு இணைப்புச் சொல் மட்டும், அதற்கடுத்து ஒன்றுமில்லை என்று குறைக்காவிட்டால், ஆண்டு இறுதியிலும் நாற்பது கடிதங்களும் ஒரே அச்சில்தான் இருக்கும்.

மூன்றாவது, வரைவு எழுதி, கருத்துக் கேட்டு, திருத்தி எழுதும் முறை. எழுத்தாளரும் ஆங்கிலப் பேராசிரியருமான டொனால்டு மர்ரி போன்றவர்கள் 1970களில் அமெரிக்காவில் இதற்காக வாதாடினார்கள். அவர்கள் மனத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசியவர்கள். 'முதலில் தோன்றியதை எழுது, பிறகு பார்க்கலாம்' என்று அவர்களிடம் சொல்லலாம். ஆங்கிலத்தில் எதுவுமே தோன்றாத பிள்ளையிடம் சொன்னால் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்புறம் திருத்தும் பாரம். நாற்பது பேர் இரண்டு முறை எழுதினால் எண்பது தாள். எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் வட்டமிட்டால் பயனுண்டா? இலக்கணத் திருத்தத்தையே கைவிடலாம் என்று மொழி கற்பித்தல் ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996இல் எழுதினார்; அதே துறையின் டானா ஃபெரிஸ் 1999இல் மறுத்தார். நமக்குக் கைகொடுப்பது நியூசிலாந்தின் ஜான் பிட்சனர் 2008இல் வெளியிட்ட ஆய்வு. 'எ', 'தி' ஆகியவற்றின் இரண்டு பயன்பாடுகளை மட்டும் குறிவைத்துத் திருத்தியபோது மாணவர்களின் எழுத்து மேம்பட்டது. தமிழில் இவற்றுக்கு நேரான உறுப்பே இல்லை என்பதால் நம் பிள்ளைகள் இங்கேயும் தடுமாறுகிறார்கள்.

நான்காவது, சேர்ந்து எழுதுதல். என் ஓட்டு இதற்கே. 1980களில் சிட்னியில், மைக்கேல் ஹாலிடே என்ற மொழியியலாளரின் கோட்பாட்டை அடிப்படையாக வைத்து ஜிம் மார்ட்டின், ஜோன் ராதரி போன்றோர் வளர்த்த முறை இது. முதலில் வேறொரு புகார்க் கடிதத்தை, குடிநீர்க் குழாய் பற்றியது என்று வைத்துக்கொள்வோம், எல்லோரும் சேர்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும். குறை எங்கே சொல்லப்படுகிறது, அதனால் யாருக்குத் தொல்லை, என்ன கேட்கிறார்கள், ஏன் அந்த வரிசை. அடுத்து சாக்பீஸ் ஆசிரியர் கையில், யோசனை பிள்ளைகள் வாயில். ஒருவர் 'பாட்டி விழுந்துட்டாங்க சார்' என்பார், இன்னொருவர் அதைப் பாதி ஆங்கிலத்தில் சொல்வார், ஆசிரியர் வாக்கியமாக்கிப் பலகையில் எழுதுவார், மூன்றாமவர் திருத்தச் சொல்வார். வாக்கியம் எப்படி உருவாகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்ப்பது இந்த ஒரு வழியில்தான். எழுதி முடித்ததும் பலகையை அழித்துவிட வேண்டும். அதன் பிறகே ஒவ்வொருவரும் தன் தெருவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

எல்லோரையும் ஒரே வார்ப்பில் ஊற்றுகிறது என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் புகார்க் கடிதத்தில் புதுமையை யார் கேட்டார்கள்? சிறுகதை என்றால் நானே வேறு மாதிரி யோசிப்பேன். இரண்டு பாடவேளை போய்விடும் என்பதும், முன்வரிசை நான்கு பேரே பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதும் அதைவிடப் பெரிய குறைகள். பின்வரிசைக்குப் பெயர் சொல்லிக் கேட்கத்தான் வேண்டும்.

நாற்பது பேர் வகுப்புக்கு நான் சொல்வது இந்தக் கலவை: இரண்டு பாடவேளை சேர்ந்து எழுதுதல், இன்னொன்றில் தனிக் கடிதம், அதில் 'எ', 'தி' மட்டும் திருத்தம், பிறகு ஒரே ஒரு மறு எழுத்து. ஏற்கெனவே எழுத வருபவர்கள் நேராக வரைவுக்குப் போகட்டும். சட்டகம் மிகவும் திணறுபவர்களுக்கு மட்டும், அதுவும் முதல் கடிதத்தோடு சரி. ஹின்ட்ஸ் வேண்டுமென்றால் சேர்ந்து எழுதும்போது பிள்ளைகளே சொன்ன சொற்களைப் பலகை ஓரத்தில் குறித்துக்கொண்டே போகலாம்; மற்றதை அழிக்கும்போது அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிட்டால் போதும்.