தேவாலயப் பதிவேடா, மக்கள்தொகைக் கணக்கெடுப்பா?

இங்கிலாந்தின் கிராமத்துப் பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) ஒன்றில் முன்னோரைத் தேடுபவர் எதில் தொடங்குவது? கணக்கெடுப்பில்தான். ஒரு வீட்டில் இருந்த எல்லோரையும் அதில் ஒன்றாகப் பார்த்துவிடலாம். ஆனால் 1841 கணக்கெடுப்பை அப்படியே நம்பிவிடாதீர்கள். 15 வயதைத் தாண்டியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். உறவுமுறையும் பிறந்த ஊரும் 1851-இல்தான் வருகின்றன.

அந்த ஊர்ப் பெயர் கிடைத்ததும் அங்குள்ள தேவாலயத்தின் பதிவேட்டுக்குப் போங்கள். 1538-இல் தொடங்கிய வழக்கம் இது. பழைய ஏடுகள் எல்லா ஊரிலும் மிஞ்சவில்லை. ஞானஸ்நான நாள் இருக்கும், பிறந்த நாள் பெரும்பாலும் இராது. ஆனாலும் என் மனம் இதன் பக்கம்தான். 1754 முதல் திருமணப் பதிவில் மணமக்களே கையெழுத்திட வேண்டியிருந்தது. எழுதத் தெரியாத பண்ணைக் கூலியாள் பேனாவை வாங்கி, மை திட்டுத்திட்டாக இறங்க, ஒரு சிலுவைக் குறி போட்டிருப்பார். பக்கத்தில் ‘இன்னாரின் குறி’ என்று வேறொருவர் கையெழுத்தில் இருக்கும். அவர் தன் கைப்பட விட்டுச்சென்றது அநேகமாக அந்த இரண்டு கோடுகள்தான்.