நட் அரம் என்று வாங்கினேன், வெல்டிங் பட்டறைச் சாமான் வந்தது

கிட்டார் நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்க முனையில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் சின்னத் துண்டில், காடி (ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளம்) வெட்ட அரம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் ஏமாந்ததில் பாதித் தப்பு என்னுடையதுதான். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நண்பனுடைய அக்கூஸ்டிக் கிட்டார். எஃப் கார்டு (பல ஸ்ட்ரிங்குகளைச் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் ஸ்வரக்கூட்டு) பிடித்தால் விரல் வலிக்கிறது, கஷ்டப்பட்டுப் பிடித்தாலும் சுருதி ஏறிப்போகிறது என்று கொண்டுவந்து கொடுத்தான். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது: நட்டில் காடிக்கு ஆழம் போதவில்லை. ஸ்ட்ரிங் உயரத்தில் நிற்பதால், முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தும்போது இழுபட்டு ஷார்ப் ஆகிறது. பழைய பிளாஸ்டிக் நட்டைக் கழற்றிவிட்டு எலும்பு நட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் கிட்டாருக்கு இந்த வேலையைச் சாதாரண ஊசி அரத்தை வைத்தே ஒப்பேற்றியிருக்கிறேன். அடுத்தவன் கிட்டார் ஆயிற்றே, இந்த முறை முறையான அரம் வாங்கிவிடலாம் என்று தோன்றியது.

ஆன்லைனில் தேடினேன். படத்தில் தட்டையான மெல்லிய அரங்கள், ஒவ்வொன்றிலும் அளவு பொறித்திருந்தது. நல்ல நட் அரம் ஒன்று வாங்கும் காசுக்கு முழு செட்டே கிடைக்கிறது. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஐந்து நட்சத்திர மதிப்புரைகளைப் பார்த்துச் சமாதானமாகிவிட்டேன். இப்போது திரும்பப் படித்தால், எல்லாரும் பார்சல் சீக்கிரம் வந்ததைத்தான் புகழ்ந்திருக்கிறார்கள். அராவிப் பார்த்ததாக ஒருவரும் எழுதவில்லை.

வந்தது, கைக்குள் அடங்கும் ஓர் அலுமினிய உறை. திறந்தால் விசிறி மாதிரி விரியும் 13 உருண்டைக் கம்பிகள். உறையின் மேல் 'கிட்டார் நட் ஃபைல்' என்று ஒரு ஸ்டிக்கர். படத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சரி, வேறு மாடல் போலிருக்கிறது என்று நானே ஒரு பதில் சொல்லிக்கொண்டு நேராக வேலையில் இறங்கினேன். முதலில் சொன்னேனே என் பாதித் தப்பு, அது இதுதான்.

ஆக மெல்லியதான முதல் ஸ்ட்ரிங்குக்கான காடியில், இருந்ததிலேயே மெல்லிய கம்பியை வைத்து அராவினேன். எலும்பில் அது கடிக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் அழுத்தினால் வில்லாக வளைந்தது. வளைந்த கம்பி என்ன செய்யும்? காடியின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் தின்றுவிட்டு நடுவில் ஒரு மேட்டை விட்டுவைக்கும். இதை நான் ஸ்ட்ரிங்கை மாட்டி மீட்டிய பிறகுதான் கண்டுபிடித்தேன். ஓப்பன் ஸ்ட்ரிங் (விரல் வைக்காமல் மீட்டுவது) சுத்தமாக ஒலிக்க வேண்டிய இடத்தில் தம்புரா மாதிரி ஒரு ரீங்காரம். ஃப்ரெட்போர்டு பக்க விளிம்பில் அழுந்தி உட்கார்ந்து, அங்கிருந்துதான் ஸ்ட்ரிங் கிளம்ப வேண்டும். அங்கிருந்து ஹெட்ஸ்டாக் (முறுக்காணிகள் உள்ள தலைப்பகுதி) பக்கமாகக் காடி லேசாகச் சரிந்து இறங்க வேண்டும். இங்கே ஸ்ட்ரிங் நடுமேட்டில் சவாரி செய்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, விரலால் தொட்டால் காடிக்குள் பக்கவாட்டில் ஆடவும் செய்தது.

அப்புறம்தான் காலிப்பரை எடுத்தேன். அந்த ஆக மெல்லிய கம்பியே 0.45 மி.மீ. இருந்தது. நண்பன் போட்டிருந்தது 012 லைட் செட். அதில் முதல் ஸ்ட்ரிங் 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. காடி ஸ்ட்ரிங்கைவிட 0.05 மி.மீ. அகலமாக இருக்கலாம், மிஞ்சிப்போனால் 0.08. என்னிடம் இருந்ததோ ஒன்றரை மடங்கு. 0.41 மி.மீ. உள்ள இரண்டாவது ஸ்ட்ரிங்கிலிருந்துதான் இந்தக் கம்பி செட் தொடங்கவே செய்கிறது. முதல் ஸ்ட்ரிங்குக்கு இதில் ஒன்றுமே இல்லை.

ஸ்டிக்கரின் ஒரு மூலை எழும்பியிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் அலுமினியத்தில் ட்ரில் எண்களின் அட்டவணை வரிசையாகப் பொறித்திருந்தது. கேஸ் வெல்டிங் டார்ச்சின் முனைத் துளையில் படிந்த கரியைச் சுரண்டி எடுக்கும் டிப் கிளீனர் அது. செம்பு முனைக்குள் விட்டு ஆட்டுவதற்கென்றே செய்தது. காய்ந்த எலும்பை நேர்கோட்டில் வெட்டு என்றால் அது என்ன செய்யும், பாவம். கிட்டார் வேலை தெரிந்த சிலர் தடித்த ஸ்ட்ரிங் காடிகளை வழவழப்பாக்க இதைப் பயன்படுத்துவதுண்டு, அது தெரிந்தே செய்வது. வேறு படத்தைக் காட்டி, மேலே ஸ்டிக்கர் ஒட்டி விற்பதற்குப் பெயர் வேறு.

விற்றவரிடம் கேட்டேன். "படம் மாதிரிக்குத்தான் சார், பொருள் மாறுபடலாம்" என்று பதில் வந்தது. ஸ்டிக்கரை உரித்து எடுத்த போட்டோவை அனுப்பியதும், "பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று முடித்துக்கொண்டார்கள். கம்பியின் பல்லிடுக்கில் எலும்புத்தூள் வெள்ளையாகத் தெரிந்தது, என்னால் மறுக்கவும் முடியவில்லை.

கெட்ட காடியில் எலும்புத்தூளை அடைத்து ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டுப் பார்த்தேன். அவசரத்துக்கு ஆகும். ஆனால் அந்த அடைப்பு எலும்பு அளவுக்கு உழைக்காது, மெல்லிய ஸ்ட்ரிங் நாளடைவில் அதை அறுத்துக்கொண்டு இறங்கும். நண்பனிடம் உண்மையைச் சொல்லி, என் செலவில் இன்னொரு எலும்புத் துண்டு வாங்கினேன்.

இரண்டாவது முறை வேறு இடத்தில் தட்டை அரங்கள் வாங்கினேன். வெட்டும் பல் விளிம்பில் மட்டும் இருக்க வேண்டும், அந்த விளிம்பு உருண்டையாக இருக்க வேண்டும். பக்கங்களிலும் பல் இருந்தால் இறங்க இறங்கக் காடி அகலமாகிக்கொண்டே போகும். முக்கோண ஊசி அரமோ கீழே கூராகக் குறுகும் காடியை வெட்டும், ஸ்ட்ரிங் அதில் நெருக்கிப் பிடிபட்டு, ட்யூன் செய்யும்போது டிங் டிங்கென்று துள்ளும். பொறித்திருந்த எண்ணை இந்த முறை நம்பவில்லை. வேலைக்கு எடுக்கும் முன் ஒவ்வோர் அரத்தின் விளிம்பையும் நுனி, நடு, அடி என்று மூன்று இடத்தில் அளந்தேன். 016 என்று போட்டிருந்த ஒன்று 0.52 மி.மீ. காட்டியது, 0.41 இருக்க வேண்டியது. எலும்பைத் தொடாமல் இருந்ததால் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

அரம் ஸ்ட்ரிங்கைவிடக் கொஞ்சம் மெல்லியதாக இருந்தால் பரவாயில்லை, கையை லேசாகப் பக்கவாட்டில் உருட்டிக் காடியை அகலமாக்கிக்கொள்ளலாம். அரம் தடித்திருந்தால் சரிசெய்ய வழியே கிடையாது. அதனால் ஆறு ஸ்ட்ரிங்குக்கும் ஆறு அரம் என்று கட்டாயமில்லை. முதல் இரண்டு ஸ்ட்ரிங்குகளின் அரங்களை மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள், தடித்தவற்றில் சமாளித்துவிடலாம். ஆழத்துக்கு, ஸ்ட்ரிங்கை மூன்றாம் ஃப்ரெட்டின் மேல் அழுத்திப் பிடித்து முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். தலைமுடி நுழையும் இடைவெளி தெரிந்தால் அரத்தைக் கீழே வைத்துவிடுங்கள். இடைவெளியே இல்லாமல் போனால் ஓப்பன் ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்டில் இடிக்கும், மறுபடி புது நட்தான்.

நண்பன் இப்போது எஃப் கார்டு பிடிக்கிறான். டிப் கிளீனரைப் பழைய பர்னர் துளை குத்த வைத்திருக்கிறேன், அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. நேற்றுகூட அந்த விற்பனைப் பக்கத்தைப் பார்த்தேன். படத்தில் அதே தட்டை அரங்கள். என் ஒற்றை நட்சத்திர மதிப்புரையை மட்டும் காணோம்.