பைக் நெடும்பயணத்துக்கு எந்த சீட்: ரெடிமேடா, கிட்டா, புதிதாகக் கட்டுவதா, மேலே போடும் குஷனா?

கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருக்கிறதே என்று வாங்கும் சீட்தான் இரண்டாவது மணி நேரத்தில் காலை வாரும். பத்து நிமிடத்துக்குச் சுகமான ஃபோம் வேறு, ஆறு மணி நேரத்துக்குச் சுகமான ஃபோம் வேறு. பைக்கில் நிமிர்ந்து உட்காரும்போது மேலுடம்பின் பாரத்தில் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகளில் இறங்குகிறது. மென்மையான ஃபோம் அந்த இடத்தில் அமுங்கி, மேற்கொண்டு அமுங்க இடமில்லாமல் போய்விட்டால், எலும்பு கிட்டத்தட்ட பிளாஸ்டிக் பேஸின் மேலேயே உட்கார்ந்த மாதிரிதான். தோலுக்கும் தசைக்கும் போகும் ரத்தம் அங்கே தடைபடுகிறது. முதலில் எரிச்சல், அப்புறம் மரத்துப்போதல். எந்த மாற்று சீட்டையும் இரண்டு கேள்விகளால் எடை போடலாம்: பாரத்தை எவ்வளவு பரப்பில் பிரித்துத் தாங்குகிறது, எத்தனை மணி நேரம் அப்படியே தாங்குகிறது.

வலிக்கும் இடத்தை வைத்துத் தொடங்குங்கள்

இரண்டு எலும்பு முனைகளில் மட்டும் எரிந்தால் ஃபோம் அடிதட்டுகிறது என்று பொருள். தொடையின் உட்புறம் வலித்தால் சீட்டின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது, அல்லது உங்கள் தொடைக்கு அகலம் ஒத்துவரவில்லை. கவட்டையில் மரத்துப்போனால் சீட் டேங்க் பக்கம் சரிந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னே வழுக்கிப் போய், மெல்லிய மூக்குப் பகுதியில் உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள். வால் எலும்பு வலித்தால் கூன் போட்டு உட்காருகிறீர்கள். ஹேண்டில்பார் தூரமும் ஃபுட்ரெஸ்ட்டின் இடமும் அதற்குக் காரணமாக இருக்கலாம், சீட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முதுகுத்தண்டில் குத்தும் வலிக்கு ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் பின் சஸ்பென்ஷன் அதன் மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் இறங்க வேண்டும். அதைவிட மிகக் குறைவாக இறங்கினால் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவை, தளர்த்துங்கள். இதற்குச் செலவே இல்லை.

சரிவையும் செலவில்லாமலே சோதிக்கலாம். பைக்கை சமதளத்தில் நிமிர்த்தி நிறுத்தச் சொல்லி, உட்காரும் இடத்தில் மட்டப்பலகையை வையுங்கள். முன்பக்கம் தெளிவாகத் தாழ்ந்திருந்தால், முன் கொக்கி உட்காரும் இடத்தில் ஸ்பேசர் வைத்து உயர்த்திப் பார்க்கலாம். 35 செ.மீ. நீள சீட்டில் முன்பக்கத்தை 10 மி.மீ. தூக்கினால் சரிவு ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் மாறும். கேட்கச் சின்ன அளவுதான். முன்னே வழுக்குவது நிற்க பல நேரம் இதுவே போதும். கொக்கி முழுதாகப் பிடிக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அகலத்துக்கு ஓர் அளவு: கெட்டியான மர நாற்காலியில் நெளி அட்டையைப் போட்டு, சற்று முன்குனிந்து ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடையே பெரும்பாலோருக்கு 10 முதல் 14 செ.மீ. வரும். நீங்கள் உண்மையில் உட்காரும் இடத்தில் சீட்டின் தட்டையான பகுதி இதைவிட இருபுறமும் சில செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். விளிம்பை நோக்கி வளைந்து இறங்கும் பகுதியில் எலும்பு உட்கார்ந்தால், என்ன ஃபோம் போட்டாலும் பயனில்லை.

ரெடிமேட் முழு சீட்

பேஸ், ஃபோம், கவர் எல்லாம் சேர்ந்து வரும். பழையதைக் கழற்றி இதை மாட்டினால் வேலை முடிந்தது. பழைய சீட் அப்படியே கையில் இருக்கும் என்பது இதன் பெரிய வசதி. பைக்கை விற்கும்போது திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

இந்த வகையிலும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு போக்குகள் உண்டு. கார்பின் போன்ற தயாரிப்புகள் ஃபைபர்கிளாஸ் பேஸ், கெட்டி ஃபோம், தோல் கவர் என்று போகின்றன. உட்காரும் இடம் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். முதல் நாள் பலகை மாதிரித் தோன்றும். தோல் பழகி, ஃபோம் படிந்த பிறகுதான் அதன் குணம் தெரியும். அதுவரை பொறுக்காமல் விற்றுவிடுபவர்கள் நிறைய. எதிர்ப்பக்கம் சாடில்மென் போன்றவை: நடுவில் வாய்க்கால் விட்டு, ஜெல்லை ஃபோமுக்குள் பதித்துத் தருகின்றன. கவட்டையில் மரத்துப்போகிறவர்களுக்கு அந்த வாய்க்கால் நிஜமாகவே உதவும்.

குழிந்த சீட்டின் சிக்கல் அதன் பலத்திலேயே இருக்கிறது. உங்கள் உடலளவு அதோடு பொருந்தினால் சொர்க்கம். பொருந்தாவிட்டால் முன்னும் பின்னும் நகர வழியில்லாமல் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நெடும்பயணத்தில் அவ்வப்போது இரண்டு செ.மீ. நகர்ந்து உட்காருவதே பாதி மருந்து. உயரமானவர்களுக்குக் குழிவு குறைந்த, பின்சீட் படி சற்றுப் பின்தள்ளியிருக்கும் சீட்தான் நல்லது.

தாழ்வான சீட் என்று விற்பவற்றில் எச்சரிக்கை தேவை. பெரும்பாலும் ஃபோமைச் சுரண்டித்தான் உயரத்தைக் குறைத்திருப்பார்கள். அதாவது தாங்க வேண்டிய பொருளையே எடுத்துவிட்டார்கள். போதாததற்கு ஃபுட்ரெஸ்ட்டுக்கும் சீட்டுக்கும் இடைவெளி குறைந்து முழங்கால் கூடுதலாக மடங்கும். கால் தரையில் எட்டுவதுதான் பிரச்சினை என்றால், மூக்குப் பகுதி ஒடுங்கி, பின்னால் அகலும் வடிவத்தைத் தேடுங்கள். தொடைகள் விரிவது குறைவதால் உயரத்தைக் குறைக்காமலே கால் எட்டும்.

வாங்குமுன் மாடலின் ஆண்டைச் சரிபாருங்கள். ஒரே பெயரில் வரும் பைக்கில் இடையில் சப்ஃபிரேம் (சீட்டைத் தாங்கும் பின்சட்டம்) மாறியிருந்தால் கொக்கியும் லாக்கும் ஒத்துவராது.

கிட்: ஃபோமும் கவரும் மட்டும்

சீட் கான்செப்ட்ஸ் போன்றவர்கள் வார்த்த ஃபோமையும் தைத்த கவரையும் தனியாகத் தருகிறார்கள். உங்கள் பழைய பேஸிலேயே நீங்கள் ஏற்றிக்கொள்ள வேண்டும். முழு சீட்டைவிட விலை கணிசமாகக் குறைவு. பேஸ் உங்களுடையதே என்பதால் லாக் ஒத்துவராத தொல்லை கிடையாது. மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான், கைவேலையில் பயமில்லை என்றால்.

பழைய ஸ்டேபிள் பின்களைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, குறட்டால் பிடுங்க வேண்டும். அவசரப்பட்டால் பேஸ் விரியும். புதிய பின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், சாதா பின் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து ரெக்ஸினைக் கிழிக்கும். பேஸின் தடிமன் பெரும்பாலும் 3 மி.மீ. அளவில் இருப்பதால் 6 மி.மீ. கால் உள்ள பின் போதும். நீளமான பின் பேஸைத் துளைத்து ஃபோமுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். கையால் அமுக்கும் சாதாரண ஸ்டேப்லர் இந்த பிளாஸ்டிக்கில் பாதிதான் இறங்கும். காற்றழுத்த ஸ்டேப்லரோ நல்ல மின் ஸ்டேப்லரோ வேண்டும்.

கவரை அடிக்குமுன் வெயிலில் காயவையுங்கள் அல்லது ஹேர் டிரையரால் சூடுகாட்டுங்கள். முதலில் முன்பக்க நடுவில் இரண்டு மூன்று பின், பிறகு இழுத்துப் பின்பக்க நடுவில், அதன்பின் இருபக்கமும் மாறி மாறி, மூலைகளைக் கடைசியில். ஒரு பக்கத்தை முழுக்க அடித்துவிட்டு மறுபக்கம் போனால் தையல் கோணிக்கொள்ளும். எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஃபோமுக்கும் கவருக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட மறக்காதீர்கள். தண்ணீர் கவரின் துணி வழியே வருவதைவிடத் தையல் துளை வழியேதான் அதிகம் வரும். திறந்த துளை ஃபோம் ஒருமுறை நனைந்துவிட்டால் மழை நின்ற பிறகும் உட்காரும்போதெல்லாம் ஈரம் கசியும்.

குஷன் தைப்பவரிடம் புதிதாகக் கட்டுவது

உங்கள் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ப அமையக்கூடிய வழி இது. அதே சமயம் முழுக்க வேலைக்காரரின் கையை நம்பிய வழி. "நல்ல ஃபோம் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் சோபா ஃபோம்தான் கிடைக்கும். அடுக்குக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது அடர்த்தி. அது எத்தனை காலம் தளராமல் இருக்கும் என்பதற்கான குறி. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு அமுங்கும் என்பது கெட்டித்தன்மை. மென்மையாகவும் அடர்த்தியாகவும் ஒரு ஃபோம் இருக்க முடியும். கெட்டியாக இருந்தும் அடர்த்தி குறைந்த ஃபோம் சில மாதங்களில் தொய்ந்துவிடும். அடியில் 30 முதல் 40 மி.மீ. ரீபாண்ட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டியது), கனமீட்டருக்கு 80 முதல் 120 கிலோ அடர்த்தியில். மேலே 15 முதல் 20 மி.மீ. எச்.ஆர். ஃபோம் (அமுங்கினாலும் உடனே மீண்டெழும் வகை), 50 கிலோவுக்குக் குறையாமல். உடல் எடை கூடுதலாக இருந்தால் அடியடுக்கைக் கெட்டியாக்குங்கள். மேலடுக்கைத் தடிமனாக்குவது தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகும்.

மெமரி ஃபோம் பலரும் ஆசைப்படும் சரக்கு. குளிரில் கல்லாக இறுகும், வெயிலில் கூழாகும், மெதுவாக மீள்வதால் அதிர்வுக்கும் உதவாது. மேலே 10 மி.மீ. அடுக்காக வைத்தால் சரி. அதுவே முழு சீட் என்றால் வேண்டாம்.

ஒட்டும் பசை வரிவரியாக உறைந்தால் அந்த வரியே குத்தும். மெல்லியதாக, சீராகத் தெளிக்கச் சொல்லுங்கள். தையல் உட்காரும் இடத்தின் குறுக்கே போகக் கூடாது, விளிம்பில்தான் வர வேண்டும். அழகுக்காக வைரக்கட்டம் தைப்பது அந்த இடத்துக்கு மட்டும் கூடவே கூடாது: நீர் இறங்க நூறு துளை. கவரை அடித்து முடிக்குமுன் வெறும் ஃபோமைப் பைக்கில் மாட்டி, ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டு, தேவையான இடத்தில் சீவச் சொல்வதே சரியான முறை. நல்ல வேலைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

இதன் உச்சம் ரஸ்ஸல் டே-லாங் மாதிரியான, ஆளுக்கேற்ப அளவெடுத்துச் செய்யும் சீட். பைக்கில் உட்கார்ந்த புகைப்படமும் எடையும் உயரமும் கொடுக்க வேண்டும். இருபுறமும் இறக்கை போல விரிந்து, தொடையையும் சேர்த்துத் தாங்கும். நாள் முழுக்க ஒரே நிலையில் ஓட்டுபவருக்கு இதை மிஞ்சுவது கடினம். ஆனால் அகலம் காரணமாகக் கால் தரையில் எட்டுவது குறையும். வளைவில் உடலைச் சாய்த்து ஓட்டும் பழக்கமும், மண்சாலையில் எழுந்து நிற்கும் பழக்கமும் உள்ளவர்களுக்கு இடைஞ்சல்.

மேலே போடும் குஷன்கள்

ஏர்ஹாக் போன்ற காற்றுக் குஷன்களில் ஒன்றோடொன்று இணைந்த சிறு அறைகள் இருக்கும். பாரம் ஓரிடத்தில் கூடினால் காற்று பக்கத்து அறைக்கு நகர்ந்து அழுத்தத்தைச் சமன் செய்யும். எரிச்சலைக் குறைப்பதில் எந்த ஃபோமும் இதற்கு ஈடாகாது. ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் குறை சொல்லக் காரணம், பந்து போல ஊதி வைத்துக்கொள்வது. ஊதி, ஏறி உட்கார்ந்து, வால்வைத் திறந்து காற்றை விட்டுக்கொண்டே வாருங்கள். எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு செ.மீ. மிச்சமிருக்கும்போது மூடிவிடுங்கள். மலையேறினால் இன்னொரு கணக்கு: 3,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான், ஆகவே குஷன் உப்பும். மேலே கொஞ்சம் விட வேண்டும், இறங்கியதும் மறுபடி ஊத வேண்டும். வளைவில் லேசான மிதப்பு இருக்கும். சிலருக்கு அது கடைசி வரை பிடிக்காது.

சீட்டின் மேலே கட்டும் ஜெல் பேட் இந்த வரிசையில் கடைசி. ஜெல் அமுங்குவதில்லை, பிதுங்கி நகர மட்டும் செய்யும். 30க்கு 25 செ.மீ., ஒன்றரை செ.மீ. தடிமன் என்றால் ஒரு கிலோவுக்கு மேல் எடை. வெயிலில் நிறுத்திய பைக்கில் சூட்டைப் பிடித்துவைத்து, உட்கார்ந்தவுடன் சுடும். ஃபோமுக்குள் பதித்து, மேலே 10 மி.மீ. ஃபோம் மூடினால் மட்டுமே அதற்கு மதிப்பு. சூடேற்றும் சீட் உள்ளவர்கள் அதையும் தவிர்க்கலாம். வெப்பம் மேலே வரவே நேரம் பிடிக்கும்.

முப்பரிமாண வலைக் கவர் வலியைப் போக்காது, வியர்வையைப் போக்கும். ஈரத் தோல் சீக்கிரம் புண்ணாகும் என்பதால் வெப்பத்தில் ஓட்டுபவருக்கு அதுவே பெரிய வித்தியாசம். மழை நின்றதும் விரைவில் காயும். நல்ல ஃபோமின் மேல் போட்டால் முழுப் பலன்.

யாருக்கு எது

வருடத்துக்கு ஓரிரு நெடும்பயணம் மட்டும் என்றால் காற்றுக் குஷனோடு வலைக் கவர் போதும். மாதாமாதம் கிளம்புபவர், உயரமும் எடையும் நடுத்தரம் என்றால் கிட். சராசரியைவிட மிக உயரம், குள்ளம், கனம் என்று எந்தப் பக்கமாவது விலகியிருப்பவருக்கு ரெடிமேட் சூதாட்டம், கட்டுவதுதான் வழி. ரெடிமேட் வாங்கியே தீர வேண்டும் என்றால், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தர அனுமதிக்கும் இடத்தில் வாங்குங்கள்.

எதை மாட்டினாலும் கிளம்புமுன் சீட்டின் அடியில் உள்ள ரப்பர் கட்டைகள் எல்லாம் ஃபிரேமைத் தொடுகின்றனவா என்று, ஒவ்வொன்றின் கீழும் ஒரு தாள் துண்டை வைத்து, சீட்டைப் பூட்டி இழுத்துப் பாருங்கள். தாள் சுலபமாக உருவிக்கொண்டு வரும் இடத்தில் பாரம் இறங்கவில்லை. நாளடைவில் பேஸ் அங்கேதான் விரியும். குஷன் பட்டை லாக்கில் சிக்கியிருந்தால் சீட் பூட்டியது போலவே தெரியும், பூட்டியிருக்காது. பின்பக்கத்தைப் பிடித்து மேலே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.