நான்கு ஆண்டுகளாக நாற்பது இரும்பு நாற்காலிகள்

சென்ற மாதம் எங்கள் காபிக்கூடத்தின் நாற்காலிகளுக்கு மூன்றாவது முறையாகக் கால் ரப்பர் மாற்றினோம். நாற்காலி ஒன்றுக்கு நான்கு வீதம் 160 புஷ்களை அழுத்திப் பொருத்தி முடித்த அதே வாரத்தில், தங்கும் விடுதி ஒன்றைத் தொடங்கவிருக்கும் நண்பர் ஒருவர், தம் உணவுக்கூடத்துக்கும் இதே நாற்காலிகளை வாங்கலாமா என்று கேட்டு எழுதினார். ஒற்றைச் சொல்லில் பதில் எழுத எனக்கு முடியவில்லை.

நாற்காலியைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. தகட்டு இரும்பை அழுத்தி வளைத்து, பின்சாய்வின் நடுவே அகலமான ஒரே பட்டை வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்படி செய்த அந்த வடிவத்தை எல்லோரும் எங்காவது ஒரு காபிக்கூடத்தில் பார்த்திருப்பார்கள். பூசாத சிமென்ட் சுவர், கறுப்பு வண்ணம் அடித்த குழாய்கள் தெரியும் கூரை, தொங்கும் விளக்குகள் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் தொழிற்கூடப் பாணியின் அடையாளமாகவே அது ஆகிவிட்டது. நாங்களும் அந்தப் பாணியை விரும்பித்தான் தேர்ந்தெடுத்தோம். எங்களிடம் உள்ளவை அந்த மூல வடிவத்தின் நகல்கள், பவுடர் கோட்டிங் (வண்ணப் பொடியைச் சூட்டில் உருக்கி ஒட்டிய பூச்சு) செய்தவை.

முதலில் அவற்றுக்கு உரிய பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளில் நாற்பதில் ஒன்றுகூட வெல்டிங் விடவில்லை. பின்னங்கால் இரண்டில் சாய்ந்து ஆடுபவர்கள் நாள்தோறும் வருகிறார்கள். மர நாற்காலியாக இருந்தால் அந்தப் பழக்கமே மூட்டுகளைத் தளர்த்திவிடும். இவற்றில் தளர்வதற்குத் திருகாணியே இல்லை. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். இரவில் அடுக்கும்போது ஒன்றோடொன்று உரசும் இடங்களில் மட்டும் பூச்சு தேய்ந்திருக்கிறது. உறுதிக்கு மட்டும் மதிப்பெண் போடுவதானால் முழு மதிப்பெண் தருவேன்.

என்னை நான்கு ஆண்டுகளாக வாட்டுவது சத்தம். நாற்காலியைப் பின்னால் தள்ளி ஒருவர் எழும்போது, வெற்றுத் தகட்டின் விளிம்பு தளத்தைக் கீறி எழுப்பும் ஒலி பற்களில் இறங்குகிறது. அந்த இருக்கையும் பின்சாய்வும் மெல்லிய தகடுகளாதலால் காலில் எழும் அதிர்வை அப்படியே வாங்கிப் பெருக்கிக் கொடுக்கின்றன. முதலில் வந்த ரப்பர் புஷ்கள் எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை. மேலிருந்து பார்த்தால் ரப்பர் நன்றாகவே இருக்கும். கழற்றிப் பார்த்தால் தகட்டுக் காலின் கூரிய முனை அதை உள்ளிருந்தே வட்டமாக அறுத்திருக்கும். அடுத்து நைலான் புஷ் போட்டோம். அறுபடவில்லை, ஆனால் மணல் ஒரு துகள் சிக்கினாலும் கிறீச்சிட்டது. அதன் அடியில் கம்பளி ஒட்டிப் பார்த்தோம். தளத்தைத் தண்ணீர் விட்டுத் துடைக்கும் இடத்தில் அது இரண்டு வாரத்தில் ஊறிப் பிரிந்துவிட்டது. இப்போது போட்டிருப்பது, உள்ளே இரும்பு வாஷர் பதித்த தடித்த ரப்பர். கூரிய முனை வாஷரின்மேல் உட்காருவதால் ரப்பருக்கு வெட்டு விழுவதில்லை. இத்தனை சிறிய பொருளை நாற்காலி செய்தவர்களே முதல் நாளில் வைத்துக் கொடுத்திருக்கலாம் என்பதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. விற்றவரிடம் இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் அதே பழைய ரப்பர்தான் வந்தது.

ஆனால் நியாயமாகப் பேசினால், பழி முழுவதும் நாற்காலியுடையது அன்று. எங்கள் கூடம் 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் கொண்டது. அதாவது 320 கன மீட்டர். தளம், சுவர், கூரை எல்லாம் சேர்ந்து 304 சதுர மீட்டர் பரப்பு. வெற்றுச் சிமென்ட்டும் கண்ணாடியும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றில் 3 பங்கு அளவே உறிஞ்சும் என்று கொண்டால், அந்தப் பரப்பு முழுவதும், தன்மேல் விழும் ஒலி அனைத்தையும் உறிஞ்சும் 9 சதுர மீட்டர் பரப்புக்குத்தான் சமம். முப்பது பேர் அமர்ந்தால், ஆளுக்கு அரைச் சதுர மீட்டராக இன்னும் 15 கூடும். இரும்பு நாற்காலிகளின் பங்கு ஏறக்குறைய சுழி. கன அளவை 0.161ஆல் பெருக்கி இந்த 24ஆல் வகுத்தால், எழுந்த ஒலி 60 டெசிபெல் தணிய, அதாவது ஏறக்குறைய காதுக்கு அடங்கிப்போக, 2 நொடிக்கு மேல் ஆகும் என்று தெரிகிறது. ஒருவர் எழுந்த கிறீச்சொலி அடங்குவதற்குள் அடுத்தவர் எழுந்துவிடுவார்.

இந்தக் கணக்கைத் தந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895 அளவில், பேச்சு விளங்காத ஒரு விரிவுரை அரங்கைச் சீர்செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலையும் கடிகாரத்தையும் வைத்து ஒலி தணியும் நேரத்தை அளந்து, விடியுமுன் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். அறை ஒலியியலின் முதல் அளவுகோலே இருக்கையின் மெத்தைதான் என்பதை, மெத்தை இல்லாத நாற்பது நாற்காலிகளை வாங்கிய பிறகு படித்தேன். 1911ல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் கண்டு சொன்னதும் எங்கள் கூடத்தில் நாள்தோறும் நடந்தது: சூழ்ந்த இரைச்சல் கூடும்போது மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துகிறார். ஒரு மேசை உரக்கப் பேசினால் பக்கத்து மேசையும் உயர்த்துகிறது. மாலை ஆறு மணிக்குப் பணியாளர் காதருகே வந்து கேட்டாலும் ஆர்டர் விளங்கியதில்லை.

இந்த வடிவத்தின் மூலத்தை 1934ல் உருவாக்கிய பிரான்சின் சேவியர் பொஷார், துருப்பிடிக்காதபடி இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு கொடுப்பதில் தேர்ந்தவர். மழையிலும் வெயிலிலும் கிடக்கத்தக்க நாற்காலி அது. இருக்கையின் துளை மழைநீர் வடிவதற்கானது. திறந்தவெளியில் ஒலி எழுந்த இடத்திலிருந்து விலகிப் போய்விடும், திரும்பி வராது. அந்த நாற்காலியை நாம் சிமென்ட்டுப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டோம். எங்கள் நகல்களிலும் அந்தத் துளை இருக்கிறது. ஒவ்வொரு முறை அதைத் துடைக்கும்போதும் இந்த எண்ணம் வருகிறது.

புஷ் மாற்றியதோடு கூரையிலும் வேலை செய்தோம். 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) அட்டைகளைத் துணியால் போர்த்தி, குழாய்களுக்கு இடையே 40 சதுர மீட்டர் அளவுக்குத் தொங்கவிட்டோம். மேலே சொன்ன அதே கணக்கில் 2 நொடி என்பது 1 நொடிக்குக் கீழ் வந்துவிடுகிறது. காதுக்கும் அப்படியே கேட்கிறது. வழக்கமாக வரும் முதியவர் ஒருவர், இப்போதுதான் எதிரில் இருப்பவர் சொல்வது விளங்குகிறது என்றார்.

எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். மூலைக்கு மட்டும் எட்டு வளைமர நாற்காலிகள் வாங்கினோம். மிக்கேல் தோனெட் 1859ல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியின் வழிவந்தவை. நீராவியில் வளைத்த ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள், அவ்வளவுதான் மூலம். பிரித்துக் கட்டினால் 36 நாற்காலிகளை ஒரு கன மீட்டர் பெட்டியில் அடக்கிக் கப்பலேற்றினார்கள். நான் வியந்தது வேறொன்றை: அவற்றை யாரும் இழுப்பதில்லை. பின்சாய்வின் வளையம் கைக்கு இயல்பாகப் பிடிபடுகிறது, எடையும் குறைவு, வருபவர்கள் தூக்கி வைக்கிறார்கள். கீழே வைக்கும்போது எழுவது மரத்தின் மெல்லிய தட்டல் மட்டுமே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருகாணியை இறுக்க வேண்டியிருக்கிறது. அதைச் செய்ய எனக்குச் சலிப்பில்லை.

நண்பர் இன்னொன்றும் கேட்டிருந்தார். இப்போது விடுதிகள் வளைந்த சோபாவுக்கும் சுருள்நூல் (பூக்லே) துணிக்கும் திரும்பியிருக்கின்றனவே, அதைப் பின்பற்றலாமா என்று. ஒலிக்கு நல்லது. ஆனால் சுருள்நூல் துணி பை, கைப்பொத்தான், சாவி எதில் பட்டாலும் இழை இழுபடும். மார்ட்டின்டேல் தேய்மானச் சோதனையில் எத்தனை சுற்றுகள் தாங்கியது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வீட்டுக்கான துணியை எடுக்காதீர்கள்.

இரும்பு நாற்காலிக்கு என் பதில்: வாங்க வேண்டாம். இத்தனை உறுதியான, இத்தனை எளிதில் துடைக்கக்கூடிய, இப்போது சத்தமும் அடங்கிவிட்ட ஒரு பொருளை வேண்டாம் என்பது முரணாகத் தோன்றலாம். நான்கு ஆண்டுகள் அந்தக் கிறீச்சொலியைக் கேட்ட காது சொல்லும் பதில் இது. எங்களுடையவற்றை நான் விற்கப் போவதுமில்லை. இனி அவை வெளித்திண்ணையில் இருக்கும். உள்ளே போடுவதற்கு இன்னும் முப்பத்திரண்டு வளைமர நாற்காலிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கூரை அட்டைகள் அப்படியே இருக்கும்.