பின் ஆக்ஸில் புஷ் மாற்றியதாகச் சொல்லி 8,700 ரூபாய் வாங்கினார்கள், போல்ட்டைக்கூடத் தொடவில்லை

மதுரையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். விஷயம் இன்று மதியம்தான் வெளியே வந்தது, வயிறு எரிகிறது. போனது 8,700 ரூபாய்.

என்னுடையது 2009 மாடல் ஸ்விஃப்ட் டீசல். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் பின்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம், வளைவில் திருப்பினால் பின்பக்கம் லேசாக ஒதுங்கிக் கொடுப்பது என்று கொஞ்ச நாளாகவே தொந்தரவு. இந்த வண்டியில் பின்சக்கரங்கள் இரண்டையும் சேர்ப்பது ஒரே இரும்பு பீம். அதன் முன்முனைகள் பாடியோடு சேருகிற இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய ரப்பர் புஷ் உண்டு. பீமைப் பிடித்து வைத்திருப்பதே அந்த இரண்டும்தான். ரப்பர் கிழிந்தால் பீம் ஆடும், சத்தம் வரும், டயரும் ஒழுங்கில்லாமல் தேயும்.

வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய் வேலை முடித்துக் கொண்டுவந்து விடுகிற ஆப்கள் இருக்கிறதல்லவா, அதில் ஒன்றில் பதிவு செய்தேன். அவர்கள் பைபாஸ் பக்கம் ஒரு மல்ட்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டார்கள். எல்லா கம்பெனி காரும் பார்ப்பார்களாம். பளபளவென்று தரை, ஏசி அறை, காபி மெஷின். நானும் நேரில் போனேன்.

இங்கேதான் எல்லாரும் கவனிக்க வேண்டும். அங்கிருந்த அட்வைசர் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, லீவரை வைத்து நெம்பி, புஷ் எப்படி ஆடுகிறது என்று டார்ச் அடித்துக் காட்டினார். ரப்பர் உண்மையாகவே கிழிந்திருந்தது, அதில் பொய் இல்லை. “அப்போ ஷாக் அப்சார்பரும் சேர்த்து மாத்திடலாமா?” என்று நானாகத்தான் கேட்டேன். “வேண்டாம் சார், ஷாக் அருமையா இருக்கு. எதுக்கு வீண் செலவு?” என்றார். வருகிற காசை வேண்டாம் என்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? அப்புறம் உள்ளே போய்ப் புது புஷ் ஒன்றை பாக்கெட்டோடு கொண்டுவந்து என் கையில் வைத்தார். “பிடிச்சுப் பாருங்க சார், கம்பெனி ஐட்டம்.” பிடித்துப் பார்த்தேன். கனமாக, புது ரப்பர் வாசனையோடு இருந்தது. அந்த புஷ் அந்த பாக்கெட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

சாயந்திரமே வண்டி வந்துவிட்டது. புஷ் இரண்டுக்கு 3,200, லேபர் 4,500, ரியர் அலைன்மென்ட் (பின்சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது) 1,000, ஆக மொத்தம் 8,700. ஆப்பிலேயே கட்டினேன். சத்தம் நிஜமாகவே குறைந்திருந்தது. வீட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு தேனி வரை ஒரு நடை போய் வந்தோம். திரும்பி வரும்போது உசிலம்பட்டி தாண்டி அதே ‘டொக்’.

போன் போட்டேன். “புது ரப்பர் சார், செட் ஆகணும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடட்டும்.” ஓடியது. சத்தம் கூடியதுதான் மிச்சம். மறுபடி போட்டால், “அது புஷ் சத்தம் இல்ல சார், ஷாக் போயிருக்கும்” என்கிறார் அதே அட்வைசர். அருமையா இருக்கு என்ற அதே ஷாக்! பழைய புஷ்ஷைக் கொடுங்கள் என்றால் ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். பணம் ஆப்புக்குத்தானே கட்டினீர்கள், அவர்களிடமே கேளுங்கள் என்று முடித்துவிட்டார். ஆப்பில் கேட்டால் ஒர்க்‌ஷாப்பிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம் என்றார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ், கூடவே அடுத்த சர்வீசுக்கு 500 ரூபாய் கூப்பன், எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் என்று ஒரு கேள்வி. 8,700 ரூபாயைத் தின்றுவிட்டு ஸ்டார் வேறு கேட்கிறார்கள்.

இன்று ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். தகரக் கொட்டகை, ஒரே ஒரு லிஃப்ட். வண்டிக்கு அடியில் நின்று அரை நிமிஷம் பார்த்தார். “அண்ணே, இந்த போல்ட் கழறவே இல்லியே” என்றார். காட்டினார். போல்ட் தலையைச் சுற்றித் துருவும் சேறும் சேர்ந்து ஒரே பொருக்காகக் காய்ந்திருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் ஓரமாவது மினுங்கும். ஒரு கீறல்கூட இல்லை. புஷ் மட்டும் புதுசு போலக் கறுகறுவென்றிருந்தது. நகத்தால் சுரண்டினார், கறுப்பு சிலிக்கான் தோலாக உரிந்து வந்தது. கிழிசலுக்குள் அதைத் திணித்து, மேலே டயர் பாலிஷ் பூசியிருக்கிறார்கள். முதலில் சத்தம் குறைந்ததற்குக் காரணம் அதுதான். உரிந்த இடத்தில் பழைய கிழிசல் அப்படியே இருந்தது.

இன்னொன்றும் சொன்னார். இந்த வண்டியில் பின்சக்கரத்துக்கு அலைன்மென்ட் அட்ஜஸ்ட் பண்ண வழியே கிடையாது, பீம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் சக்கரம். அப்படியானால் அந்த ஆயிரம் ரூபாய் எதற்கு? உண்மையாக புஷ் மாற்றுவதென்றால் ஹேண்ட்பிரேக் கேபிளையும் பிரேக் லைனையும் கிளிப்பிலிருந்து விடுவித்து, பீமை இறக்கி, பழையதைப் பிரஸ் வைத்துத் தள்ளி, புதுசை அதே கோணத்தில் ஏற்ற வேண்டும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்க வேண்டுமாம். தொங்கவிட்டே முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். இத்தனை வேலைக்கு வாங்கிய காசுக்கு அவர்கள் செய்தது ஒரு டியூப் சிலிக்கான்.

படம் எடுத்து அந்த அட்வைசருக்கு அனுப்பினேன். “இது உங்க வண்டிதான்னு என்ன ஆதாரம் சார்?” என்று பதில் வந்தது. அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. பில் என்று ஆப்பில் இருப்பதைத் திறந்து பார்த்தால் தலைப்பில் ‘எஸ்டிமேட்’ என்றிருக்கிறது, ஜிஎஸ்டி எண்ணே இல்லை. 8,700 ரூபாய்க்கு எஸ்டிமேட்!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. வண்டியை விடும் முன்பே பழைய பாகம் எனக்கு வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். கழற்ற வேண்டிய போல்ட்டை முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள், நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி. ஜிஎஸ்டி எண் போட்ட பில் இல்லாமல் காசு கட்டாதீர்கள், நம்மூர்க் கடை என்றால் அந்த எண் 33 என்று தொடங்கும்.

1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தாகிவிட்டது, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். இரண்டு வருஷத்துக்குள் போனால் போதும், நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. வண்டி இன்னும் அந்த அண்ணனின் லிஃப்ட்டில்தான் நிற்கிறது, கடை அடைப்பதற்குள் புஷ் வாங்கிக் கொடுக்க வேண்டும். இதே ஆப்பில் வேறு யாராவது மாட்டியிருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.