முண்டா, பூஞ்சை ஓடிய கட்டையா: அலங்காரக் கிண்ணத்துக்கு எது ஏற்றது?

இயற்கையான கோலம் உள்ள மரத்தைக் கடைசல் பொறியில் சுழற்றி அலங்காரக் கிண்ணம் கடைய விரும்புவோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒன்று, மரத்தில் கட்டிபோல் புடைத்து வளர்ந்த முண்டு. மற்றொன்று, வெட்டிப் போட்ட பின் பூஞ்சை ஓடிக் கருங்கோடுகள் விழுந்த கட்டை.

முண்டில் விரியாத மொட்டுகள் திரண்டு, நார்கள் பல திசைகளிலும் முறுக்கி ஓடுவதால், கடைந்த பரப்பெங்கும் கண்களும் சுழல்களும் தெரியும். அது நேர்கோட்டில் பிளப்பது குறைவு. ஆனால் உலரும்போது சீரற்றுச் சுருங்கி மேடுபள்ளமாகலாம். உள்ளே பட்டை புதைந்த பொந்துகள் இருந்தால் சுழற்சியில் துண்டு தெறிக்கும் என்பதால், முகத்தை முழுதும் மறைக்கும் கவசமின்றி அதைத் தொடவே கூடாது.

பூஞ்சை ஓடிய கட்டையின் அழகு வேறு வகையானது. பூஞ்சைகள் தங்கள் இடத்தைக் காத்துக்கொள்ள எழுப்பும் கரிய சுவர்கள் மரத்துக்குள் தகடுகளாக வளைந்து செல்கின்றன. நாம் கோடாகக் காண்பது அவற்றின் வெட்டுமுகத்தையே. ஆகவே உளி சற்று ஆழமாகச் சென்றாலும் கோடு இடம் மாறுகிறது; கிண்ணத்தின் வளைவே ஓவியத்தை முடிவு செய்கிறது. முண்டிலோ எங்கு வெட்டினாலும் ஏறக்குறைய ஒரே நெசவுதான். இந்தக் காரணத்தாலேயே, கடைபவரின் கைக்கு அதிக இடம் தரும் பூஞ்சைக் கட்டையை நான் மேலாகக் கருதுகிறேன்.

ஆனால் கோலம் வரைந்த பூஞ்சையே மரத்தைத் தின்றும் விடுகிறது. பீச், மேப்பிள், பிர்ச் போன்ற வெளிர்மரங்களில் கோடுகள் தெளிவாக விழும். நகம் பதியும் அளவுக்கு இளகிய பகுதியில் மட்டும் நார் பிய்ந்து வரும். நீர்த்த சயனோஅக்ரிலேட் (நொடியில் ஒட்டும்) பசையை ஊறவிட்டு அதை இறுக்கலாம், எனினும் பசை ஏறிய இடம் மெருகை வேறுவிதமாக ஏற்கும். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பூஞ்சை வளர்வது நின்றுவிடும் என்பதால், கோடுகள் தெளிந்து மரம் இன்னும் உறுதியாக இருக்கும்போதே உலர்த்தத் தொடங்க வேண்டும். தூளும் வித்துகளும் நுரையீரலுக்கு ஆகாதவை. சுவாச வடிகட்டி கட்டாயம்.

இரண்டையும் ஈரமாகக் கடைந்தால், கிண்ணத்தின் சுவரை அதன் விட்டத்தில் பத்திலொரு பங்காக, அதாவது 30 செ.மீ. கிண்ணத்துக்கு 3 செ.மீ. தடிப்பாக விட்டு, உலர்ந்த பின் மறுபடி கடைய வேண்டும். பூஞ்சைக் கட்டைக்கு வாய் அகன்ற ஆழமற்ற வடிவம் பொருந்தும், உட்புறக் கோடுகள் முழுதாகத் தெரியும். முண்டுக்கு வாய் குறுகிய உருண்டை வடிவமும் குறையில்லை.